வாத்து லாரிக்கு எல்இடி மாட்டிய கதை

வண்டிக்குள் குடியிருக்கிறவர்களுக்கு விளக்கு மாட்டிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. வீட்டுக்கு வயரிங் செய்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஹெட்லைட் பார்க்கிறவர்கள் பைபாஸ் ரோடு முழுக்க உண்டு. நான் இரண்டிலும் சேராதவன். உள்ளேயே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஆள் படுத்து எழுந்திருக்கிற வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு வரும். சினிமாக்காரர்களின் கேரவன், கிராமம் கிராமமாகப் போய்த் தங்குகிற கண் ஆஸ்பத்திரி வேன், சமையல்கட்டோடு காசிக்குக் கிளம்புகிற யாத்திரை பஸ், வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றப் புறப்பட்ட ரிட்டயர்டு தம்பதிகளின் வேன் என்று எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்திருக்கிறேன். ஏன் படுத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். ஓய்வு பெற்றதும் தூக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், தூக்கவில்லை. போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. ஸ்டோரில் பழைய பல்புகள் வைத்திருந்த அலமாரியைக் காலி செய்துவிட்டார்களாம், இனிமேல் எல்லாம் எல்இடிதானாம். கீழே விக்னேஷ் எழுதியிருந்தார். என் இடத்துக்கு இப்போது வந்திருக்கிற எலக்ட்ரீஷியன் அவர். “பல்பைப் புடுங்கிட்டு எல்இடி மாட்டுறதுல என்ன இருக்கு? இதுக்குப் போய் ஒரு நாள் பூரா எடுத்துக்குவாங்களாமே!” பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. எனக்குச் சுருக்கென்றது. கட்டைவிரலால் பதில் அடிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அதனால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் நாகப்பட்டினத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா கடலுக்குப் போனார், அண்ணன் போனார். எனக்கு மட்டும் படகில் கால் வைத்தால் வாந்தி. தெருவே சிரித்தது. வெட்கம் தாங்காமல் துறைமுகத்தில் படகுகளுக்கு வயரிங் செய்கிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். கரையில் கட்டிப்போட்ட படகு அவ்வளவாகக் குமட்டாது. உப்புக் காற்றில் எந்த இணைப்பும் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். சுரண்டி, துடைத்து, மறுபடி முறுக்கி, அப்படியே பல வருடம் ஓடியது. அங்கே படித்த பாடம் ஒன்றே ஒன்று. பேட்டரி என்பது குடத்தில் மொண்டுகொண்டு போகிற தண்ணீர். நடுவழியில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊர்ப்பக்கம் வந்தேன். கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் போகிற சாலையில் இருந்த பட்டறையில் சேர்ந்தேன். தலை நரைத்தது அங்கேதான்.

என் மேலதிகாரி ஜெயசீலி மேடம். தஞ்சாவூர்க்காரர், டிப்ளமோ படித்தவர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதலாளி அவரை எலக்ட்ரிக்கல் பகுதிக்குச் சூப்பர்வைசராகப் போட்ட அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். கோபம்தான், வேறென்ன. திரும்பிப் போனபோது, “அண்ணே, உடம்பு தேவலையா?” என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கேட்ட விதத்தில் கிண்டல் துளிகூட இல்லை. அப்படிக் கேட்கிற மனுஷியிடம் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் வேலையையும் தப்பு என்று சொல்ல மாட்டார். “இன்னொரு தடவ பாத்துடலாமாண்ணே?” என்பார். அவ்வளவுதான், செய்த வேலை மொத்தத்தையும் கழற்ற வேண்டும் என்று அர்த்தம். மற்ற சூப்பர்வைசர்கள் திட்டினால் டீ குடித்துவிட்டு மறந்துவிடுவோம். மேடத்தின் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பட்டறையே நடுங்கும்.

எல்இடி வந்த புதிதில் மேடம் ஒரு முறையைக் கொண்டுவந்தார். வண்டி உள்ளே வந்ததும் யாரும் திருப்புளியைத் தொடக் கூடாது. முதலில் வண்டிமேல் தார்ப்பாயைப் போர்த்தி உள்ளே இருட்டாக்க வேண்டும். பிறகு வண்டிக்காரரை உள்ளே உட்கார வைத்து, “பொழுது சாஞ்சிடுச்சுன்னு வச்சுக்குங்க. இப்ப மொதல்ல எந்த சுவிட்சப் போடுவீங்க?” என்று கேட்பார். பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் பட்டப்பகலில் கூச்சத்தோடு நெளிவார்கள். மெல்ல மெல்லப் பழகிவிடும். இதைப் போட்டுக் கை கழுவுவேன், இதைப் போட்டுப் பேப்பர் படிப்பேன், இதை அணைத்துவிட்டுப் படுப்பேன் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார்கள். அந்தந்த விளக்குக்குப் பக்கத்தில் நான் சாக்பீஸால் அதன் வேலையை எழுதுவேன். படிக்க, சமைக்க, வழி பார்க்க. நானும் அவர்கள் படுக்கிற இடத்தில் படுத்து, வெளிச்சம் கண்ணில் எங்கே குத்துகிறது என்று பார்ப்பேன். ஒரு ரைஸ்மில் முதலாளி படுக்கிற கட்டம் வந்ததும் உண்மையாகவே தூங்கிப்போனார். மேடம் அவரை எழுப்ப விடவில்லை. நாங்கள் வெளியே நின்று டீ குடித்தோம்.

அதற்குப் பிறகுதான் கழற்றுவது. பழைய பல்புக்கு எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்ற கவலை இல்லை. எல்இடிக்கு உண்டு. மாற்றிச் சொருகினால் எரியாது. எத்தனையோ பேர் நல்ல எல்இடியைக் கெட்டுப்போனது என்று குப்பையில் போட்டதைப் பார்த்திருக்கிறேன், திருப்பிச் சொருகியிருந்தால் எரிந்திருக்கும். வண்டி நிற்கும்போது ஒரு வோல்டேஜ், ஓடும்போது அதைவிட அதிகம். அந்த ஏற்றத்தைத் தாங்காத மலிவுச் சரக்கு சீக்கிரமே கண் சிமிட்டிச் செத்துப்போகும். நிறமும் பார்க்க வேண்டும். ஒரு நடிகையின் கேரவனில் கண்ணாடியைச் சுற்றி வெள்ளை எல்இடி போட்டு அனுப்பினோம். மேக்கப் செய்கிறவர் மறுநாளே போனில் கத்தினார். “அந்த அம்மா மூஞ்சி சாம்பல் பூசின மாதிரி இருக்குய்யா! எனக்கு வேலை போயிடும்!” பிறகு வெண்ணெய் நிறத்தில் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தோம்.

டாஷ்போர்டில் ஒரு பல்பை மட்டும் தொடவே கூடாது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்குக்குப் பின்னால் இருப்பது. அந்தச் சின்னப் பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடும். இதைத் தெரியாமல் வேறொரு பட்டறையில் கண் ஆஸ்பத்திரி வேனுக்கு அங்கேயும் எல்இடி போட்டுவிட்டார்கள். வேன் ஓடியது, பேட்டரி மட்டும் ஏறவே இல்லை. அவர்கள் புதுப் பேட்டரி வாங்கியும் தொல்லை ஓயவில்லை. எங்களிடம் வந்தபோது மேடம் வண்டி முழுவதையும் இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று பார்த்து, கடைசியில் அந்தப் பல்பைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எங்களிடம் வருகிற எல்லா வண்டியிலும் அந்தப் பல்பின் ஹோல்டரில், தொடாதே என்பதற்கு அடையாளமாக, ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுவோம்.

இத்தனையும் தெரிந்த நாங்கள்தான் ஏழுமலையின் லாரியில் போய்ச் சறுக்கினோம்.

ஏழுமலை திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், வாத்து மேய்க்கிறவர். இங்கே சம்பா அறுவடை தொடங்கினால் அவர்கள் வந்துவிடுவார்கள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லையும் நத்தையையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல், ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர். வழக்கமாகப் பாலித்தீன் கூடாரம் போட்டுக்கொள்வார்கள். இவரும் இவர் மனைவி பூங்காவனமும் கொஞ்சம் முன்னேறி, இன்னொரு வாத்துக்காரரிடமிருந்து ஒரு பழைய லாரியை வாங்கி அதையே வீடாக வைத்திருந்தார்கள். பின்பக்கம் தகரக் கூரை. மேல் பலகையில் இவர்கள் படுக்கை. கீழே நாலு அறையாகத் தடுத்து, கோணிப் படுதா தொங்கவிட்ட தட்டு. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளுக்கு அந்தத் தட்டு. பெரிய வாத்துகள் வரப்போரம் வலைக்குள் கிடக்கும்.

“காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்க. ராத்திரி லைட்டு எரிஞ்சா பேட்டரி காலி. வயக்காட்டுல யாரக் கூப்ட்டு வண்டியத் தள்றது?” என்றார் ஏழுமலை. வாத்துகளைத் தனியே விட முடியாது என்று மனைவியைத் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் வயலிலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் வந்திருந்தார். குஞ்சுகள் அடுத்த வாரம்தான் வரும், அதற்குள் முடித்துக் கொடுங்கள் என்றார்.

தார்ப்பாய் போர்த்தினோம். உள்ளே உட்கார வைத்தோம். மனிதர் மற்ற யாரையும்விட ஆர்வமாகச் செய்து காட்டினார். இது சமைக்க, இது படுக்க. பின்புறப் படிக்கு மேலே இருந்த சின்ன விளக்கைக் காட்டி, “இது வேணாங்க, யாரும் போடுறதே இல்ல. எடுத்துடுங்க” என்றார். பிறகு கீழ்த்தட்டுக்கு வந்தோம்.

“இந்த நாலு லைட்டும் எதுக்கு?” என்று கேட்டார் மேடம்.

“குஞ்சுங்களுக்குங்க. இருட்டுன்னா பயந்துக்கும். ராத்திரி பூரா எரியணும். ஆனா ஒரு தொந்தரவு, பல்பு நெருப்பாக் கொதிக்குது. போன சித்திரையில ஒரு குஞ்சு மேல பட்டு முதுகு பொசுங்கிப்போச்சு.”

மேடம் ஒரு எல்இடியை எரியவிட்டு அவர் கையில் கொடுத்தார். “தொட்டுப் பாருங்க. சூடே இருக்காது.”

ஏழுமலை தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அட! அப்ப குஞ்சுக்கு நல்லதாப் போச்சு!” என்றார். நானும் சும்மா இல்லாமல், “அதுமேல ஏறி உட்காந்தாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க” என்று என் பங்குக்குச் சொன்னேன். கீழ்த்தட்டில் சாக்பீஸால் எழுதினேன்: குஞ்சுகளுக்கு வெளிச்சம். எல்லா விளக்கையும் மாற்றினோம், படி விளக்கைக் கழற்றி ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தோம். ஏழுமலை ஹாரன் அடித்துக்கொண்டே சந்தோஷமாகப் போனார்.

அவர்கள் அதுவரை ஒரு மாதம் வளர்ந்த குஞ்சுகளைத்தான் வாங்குவார்களாம். பொடிக் குஞ்சை இந்த லாரியில் வைத்து வளர்த்தது ஒரே தடவை, அதுவும் கொளுத்துகிற சித்திரையில். பல்பு பொருத்தியது பழைய சொந்தக்காரர். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது தை மாதம்.

குஞ்சுகள் வந்த மறுநாள் காலை, பட்டறையைத் திறந்துகொண்டிருந்தபோது மேடத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஏழுமலையின் குரல் உடைந்திருந்தது.

“மேடம், குஞ்செல்லாம் மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவியுது. அடியில மாட்டுனது நசுங்கிச் சாவுது. ஒரே கத்தல். லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது மேடம், ஒண்ணும் புரியல.”

“ஏதாவது சீக்கா இருக்கும். மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூப்புடச் சொல்லுங்க” என்றேன் நான்.

மேடம் ஸ்டோருக்குப் போய் ஒரு பழைய பல்பை எடுத்துவந்து மேசையில் இருந்த பேட்டரியில் கொடுத்தார். எரிகிற பல்புக்கு மேலே உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். காய்ந்த தூசி பொசுங்குகிற அந்த வாசனை வந்தது. இன்றைக்கும் அந்த வாசனைக்கு நான் ஏங்குகிறேன். சூடு தாங்க முடியாமல் அவர் கையை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. குஞ்சுகளுக்கு வேண்டியிருந்தது வெளிச்சமே இல்லை.

“அண்ணே, வண்டிய எடுங்க” என்றார் மேடம். அலமாரியில் இருந்த பழைய பல்புப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

மண்ணியாற்றைத் தாண்டி உள்ளே போனால் அறுத்துப் போட்ட வயல்கள். வெயில் ஏறியும் அறுத்த தாள்களின் அடியில் பனி காயவில்லை. தூரத்திலேயே லாரியின் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடாமல் நிற்கிற லாரி எதற்கு உறுமுகிறது என்று நான் யோசித்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், கேபினுக்குள் பூங்காவனம் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரிப் பழைய லாரியில் இன்ஜின் மூடி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே மேடாக இருக்கும், வண்டி ஓடினால் கதகதப்பாகிவிடும். மூடிமேல் கோணியை விரித்து அதில் குஞ்சுகளைப் பரப்பியிருந்தார். அவர் மடியிலும் முந்தானையிலும் காலடியிலும் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள். விடியற்காலையில் கத்தல் கேட்டு இறங்கிப் பார்த்தவர், கையில் எடுத்த குஞ்சு சில்லிட்டிருந்ததைக் கண்டதும் கணவரை எழுப்பி வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னாராம். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதற்குள் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

“யாருங்க இந்த லைட்டப் போட்டது?” என்று கேட்டார் பூங்காவனம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழுமலை மேடத்தைப் பார்த்தார். உங்கள் கணவர் சொன்னபடிதான் செய்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடம் தப்பித்திருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“நான்தாங்க. இவர்கிட்ட மட்டும் கேட்டுட்டு மாத்திட்டேன். உங்களக் கேக்கல” என்றார் மேடம்.

“என்னைக் கேட்டிருந்தாலும் எனக்கும் தெரிஞ்சிருக்காது. இது என்ன, நாங்க பரம்பரையாக் குஞ்சு பொரிச்சவங்களா?” பூங்காவனம் ஒரு குஞ்சை எடுத்துக் கழுத்தோடு அணைத்துக்கொண்டார். “ஆனா இதுங்கதாங்க எங்களுக்கு இனிமே. பெரிய வாத்தெல்லாம் முட்ட நின்னுபோற வயசு. இதுவும் போச்சுன்னா வண்டிய வித்துட்டுத் திருப்பூருக்குப் போவேண்டியதுதான். எங்க அக்கா அங்கதான் இருக்கா, ஒத்த ரூம்புல. நாலு நாள் இருந்து பாத்தேன், எனக்கு மூச்சு முட்டிடுச்சு. என்னால அப்படி இருக்க முடியாதுங்க.”

இதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. வயலில் நின்ற எங்கள் மூன்று பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடம் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு லாரியின் கீழ்த்தட்டுக்குள் நுழைந்தார். “அண்ணே, திருப்புளி” என்று உள்ளேயிருந்து கை மட்டும் நீண்டது.

வேலை மத்தியானம் தாண்டியும் நடந்தது. பழைய பல்புகளைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். “இன்னொரு தடவ பாத்துடலாமாண்ணே?” என்றார் மேடம். பல்பு அறையின் நடுவில் இருந்தால் குஞ்சு சூட்டிலிருந்து விலகிப் போக இடமிருக்காது, முதுகு பொசுங்கியது அதனால்தான் என்று சொன்னார். நாலு அறையிலும் ஹோல்டரை ஒரு ஓரத்துக்கு மாற்றினோம். குளிர்கிற குஞ்சு கிட்டே வரும், போதும் என்கிற குஞ்சு மறு ஓரத்துக்குப் போய்க்கொள்ளும். அவர்களிடம் மிச்சமிருந்த வலையை வெட்டிப் பல்பைச் சுற்றிக் கூண்டு கட்டினோம். கோணியை இரட்டையாக்கித் தொங்கவிட்டோம். மேலே படுக்கைக்கும் சமையலுக்கும் எல்இடி அப்படியே இருந்தது. அவை குடிப்பது சொட்டுத் தண்ணீர் மாதிரிதான். அதில் மிச்சமாகிற பேட்டரியைக் கீழே நாலு பல்பும் விடிய விடிய எடுத்துக்கொள்ளலாம், காலையில் வண்டியும் கிளம்பும். எல்லாவற்றையும் மாற்றியதும் தப்பு, ஒன்றையும் மாற்றாமல் இருந்திருந்தாலும் தப்புதான்.

முடித்துக் கை துடைத்த பிறகு மேடம் பூங்காவனத்தை மேல் பலகைக்கு வரச் சொன்னார். “நீங்க ஒரு தடவ சொல்லுங்க. பொழுது சாஞ்சா எதெது போடுவீங்க?”

அந்த அம்மா ஏழுமலையைப் போலவே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்புறப் படிக்கு வந்ததும் மேலே பார்த்தார். ரப்பர் அடைப்பைத் தொட்டார்.

“பீஸ் போச்சுன்னு நெனச்சேன். எடுத்துட்டீங்களா?”

“வேணாம்னு நான்தான் சொன்னேன். அது யாரு போடுறா?” என்றார் கீழே நின்ற ஏழுமலை.

“நான் போடுவேன்.”

“நீயா? எப்ப?”

“நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி. வெளிச்சம் வந்துட்டா வயக்காட்டுல ஆளு வந்துடும், அதுக்குள்ள நான் ஒதுங்கிட்டு வரணும். எறங்குற எடத்துல பாம்பு பூரான் கெடக்குதான்னு அதப் போட்டுத்தான் பாப்பேன். ஒரு வாரமா இருட்டுல காலத் தடவிக்கிட்டு எறங்குறேன்.”

ஏழுமலை அந்தப் படியையே பார்த்தார். கல்யாணமாகி மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட மனிதர். “சொல்லவே இல்லியே” என்றார் கடைசியில்.

“இதையெல்லாமா சொல்லிக்கிட்டு?” என்றார் பூங்காவனம்.

அந்த விளக்கை மேடம் என்னிடம் கொடுக்கவில்லை, தானே மாட்டினார். வெளிச்சம் கீழ்ப்படியில் மட்டும் விழுகிற மாதிரி, தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படாத மாதிரி, ஒரு டப்பா மூடியை வளைத்து மேலே மறைப்பு வைத்தார். பூங்காவனத்தைப் படியில் இறங்கி ஏறச் சொல்லி, திருப்தியான பிறகுதான் திருகினார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் வண்டிக்காரர் மட்டும் வந்தால் வேலை தொடங்காது. வண்டிக்குள் படுத்துத் தூங்குகிற எல்லோரும் வர வேண்டும், ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். யாத்திரை பஸ்ஸில் சமையல்கார அம்மா வரை வரவழைத்திருக்கிறோம். விக்னேஷ், அதனால்தான் தம்பி ஒரு நாள் பூரா ஆகும்.

பொழுது சாயும் நேரத்துக்குக் குஞ்சுகளைக் கூடை கூடையாகக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். வயலில் குளிர் இறங்க ஆரம்பித்திருந்தது. பல்பு நாலும் எரிந்தன. அந்த மஞ்சள் வெளிச்சம் எனக்கு எப்போதும் பிடிக்கும், இன்றைக்கும் எந்த எல்இடியைப் பார்த்தாலும் மனசு அதைத்தான் தேடுகிறது. ஆனால் பூங்காவனம் எங்கள் வேலையை நம்பவில்லை. கேபினுக்குப் போய் மறுபடியும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வந்தார். “எதுக்கும் இன்ஜின் சூடா இருக்கட்டும். இதுங்க கத்துனா மறுபடி அங்க மாத்திடுவேன். நீங்க இருந்து பாத்துட்டுப் போங்க” என்றார்.

இருந்தோம். முதலில் ஒரே கத்தல். மாற்றிய பயத்தில் மறுபடியும் மூலைக்கு ஓடிக் குவிந்தன. ஏழுமலை உள்ளே கையை விட்டுக் குவியலைக் கலைத்தார், கலைக்கக் கலைக்கக் கூடின. மேடம் கோணியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் செய்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கோ எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, ஊரில் கடலுக்குப் போகும்போது கூப்பிடுகிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு கூட்டத்தை விட்டுப் பல்பு ஓரமாக வந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. அப்படியே காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. அப்புறம் இன்னும் இரண்டு. பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலைக் குவியல் கரைந்து அறை முழுக்கப் பரவியது. காதைப் பிளந்த கத்தல் குறைந்து, பொருபொருவென்று ஒரு முனகல் மட்டும் மிஞ்சியது. சில குஞ்சுகள் தலையைக் கீழே போட்டுத் தூங்கியே போயின.

பூங்காவனம் நாலு அறையிலும் கையை விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டார். எழுந்து லாரியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். கேபின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

இன்ஜின் நின்றது.

வயல் அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் திரும்பி வந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேடத்தின் கையைப் பிடித்தார்.

“போய்ட்டு வாங்க மேடம். நான் தூங்கப் போறேன்.”